உல்லாசப் பயணத்துக்கு மூட்டை கட்டுதல்

பாடசாலை விடுமுறைக்கு ஒரு மாதம் இருக்கும்போதே பிள்ளைகள் உள்ள வீடுகளில் ஒரு கேள்வி எழுந்துவிடுகின்றது. "இந்த முறை எங்கே போவது?" என்பதே அது. மண்டைதீவில் வாழும் எங்களுக்கு முன்னெல்லாம் இதற்கு விடை எளிதாயிருந்தது. நயினாதீவு அம்பாளைத் தரிசித்து வரலாம். சாட்டிக் கடலில் குளித்து வரலாம். நல்லூர்த் திருவிழாக் காலமாயின் அக்கேள்வியே எழாது. இன்றைய பிள்ளைகளோ கைத்தொலைபேசியிலே உலகம் முழுவதையும் பார்த்துவிட்டவர்கள். இராட்டினமும், நீர்ச்சறுக்கும், கயிற்றில் தொங்கிச் செல்லும் விளையாட்டும் உள்ள இடமே அவர்களுக்கு இடம்.

அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. வால்ற் டிஸ்னி என்பார் தமது டிஸ்னிலாந்துப் பூங்காவை 1955ஆம் ஆண்டு ஜூலை 17ஆம் திகதி அமெரிக்காவிலே திறந்தபோது, பெற்றோரும் பிள்ளைகளும் ஒருங்கே களிக்கத்தக்க ஓர் இடம் வேண்டும் என்பதையே தம் நோக்கமாகக் கொண்டிருந்தார். அத்தகைய இடங்கள் இப்போது நமக்கும் எட்டும் தூரத்தில் வந்துவிட்டன. கண்டி வீதியில், ஆனையிறவுக்கு இப்பால் இயக்கச்சியிலே, பண்ணையும் விளையாட்டிடமும் உணவகமும் ஒன்றாய் அமைந்த றீச்சா என்னும் பூங்கா இருக்கின்றது. காலையிற் புறப்பட்டு இரவில் வீடு திரும்பிவிடலாம். தென்னிலங்கைக்கோ சென்னைக்கோ குடும்பத்தோடு போய் வர வசதியில்லாதவர்களுக்கு இது பெரிய வாய்ப்பாகும்.

ஆனால் ஒருநாட் பயணந்தானே என்று எண்ணிக் கைவீசிக்கொண்டு புறப்பட்டால் என்ன நேரும் என்பதை நான் பட்டறிந்தவன்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு திருமணத்துக்காகக் கொழும்புக்குச் சென்றிருந்தோம். வந்தது வந்தோம், பிள்ளைகளை ஒரு நீர்விளையாட்டுப் பூங்காவுக்கு அழைத்துச் செல்வோம் என்று தீர்மானித்தோம். பூங்காவின் பெயர் இங்கு வேண்டியதில்லை. பிழை முழுவதும் எம்முடையதே. வாயிலிலேயே முதற் தடை. வீட்டுச் சாப்பாட்டை உள்ளே கொண்டுசெல்ல அனுமதியில்லை. விடியற்காலை எழுந்து மனைவி கட்டிய சோற்றுப் பொதிகளைத் தெருவோர மரத்தடியில் நின்றபடியே, காலை ஒன்பது மணிக்கு, பசியில்லாமல் உண்டு முடித்தோம். உள்ளே சென்றபின் அடுத்த தடை. பருத்தி உடுப்போடு நீரில் இறங்கக்கூடாதாம். அதற்கென்று தனி உடுப்பு வேண்டும். மூன்று பேருக்கு அங்கேயே வாங்கினோம். பிறகு தண்ணீர்ப் போத்தல்கள், துவாய், வெயிலுக்கு ஒரு தொப்பி, பிள்ளைக்குத் தலையிடிக்கு மாத்திரை. அன்றிரவு உறவினர் வீட்டு விறாந்தையில் இருந்து கணக்குப் பார்த்தேன். நுழைவுச்சீட்டுக்குக் கொடுத்த தொகையைவிட, வீட்டிலே விட்டுவந்த பொருள்களை மீண்டும் வாங்கக் கொடுத்த தொகை கூடுதலாயிருந்தது. துவாய் எங்கள் வீட்டில் ஒன்றா இரண்டா? அலுமாரி நிறைய இருக்கின்றது.

குடும்பப் பயணங்களிற் பணம் எங்கே ஒழுகுகின்றது என்பதை அன்றுதான் கண்டுகொண்டேன். பூங்காக்காரர் கேட்கும் கட்டணம் முன்கூட்டியே தெரிந்தது, அதற்குச் சேமிக்கலாம். தெரியாமற் போவது மறதிக்குக் கொடுக்கும் கட்டணம். 2022ஆம் ஆண்டில் எரிபொருளுக்கு வரிசையில் நின்று, அதன்பின் ஏறிய விலைகளோடு குடித்தனம் நடத்தும் எந்தக் குடும்பத்துக்கும் இந்த இரண்டாவது கட்டணம் தாங்காது.

ஆகவே கடந்த ஆகஸ்ட் விடுமுறையில் இயக்கச்சிக்குப் போவதென்று முடிவானதும், ஒரு மாதத்துக்கு முன்பே ஒரு கொப்பியை எடுத்தோம். முதல் வேலை, தொலைபேசியிற் கேட்டறிதல். இதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை. எத்தனை மணிக்குத் திறப்பார்கள், எத்தனை மணிக்கு மூடுவார்கள், பிள்ளைகளுக்குக் கட்டணம் வயதின்படியா உயரத்தின்படியா, நுழைவுச்சீட்டில் எந்த விளையாட்டுகள் அடங்கும், எவற்றுக்குத் தனியாகக் கொடுக்க வேண்டும், வீட்டுணவு கொண்டுவரலாமா, நீரில் இறங்க என்ன உடுப்பு வேண்டும், முதியவர் இருந்து இளைப்பாற நிழல் உண்டா. இவ்வளவுந்தான். கேட்கும் வேலையை ஒன்பதாம் வகுப்பிற் படிக்கும் மகளிடம் விட்டேன். விடைகளை அவளே கொப்பியில் எழுதினாள். பிள்ளைகள் தாமே எழுதிய கணக்கைத் தாமே மீற மாட்டார்கள் என்பது ஆசிரியத் தொழில் எனக்குக் கற்றுத்தந்த ஒன்று. கட்டணங்கள் காலத்துக்குக் காலம் மாறுவன. சென்ற ஆண்டு போய்வந்த அயலவர் சொல்வதை நம்பிப் புறப்படலாகாது.

இரண்டாவது, நாளைத் தெரிவு செய்தல். ஞாயிற்றுக்கிழமையும் போயா தினத்தை அடுத்து வரும் நீண்ட விடுமுறையும் வேண்டாம். கூட்டம் கூடினால் ஒரு விளையாட்டுக்கு அரைமணி நேரம் நிற்க நேரும். நிற்கும் பிள்ளை ஏதாவது கேட்கும். கேட்டால் வாங்கிக் கொடுக்க வேண்டிவரும். சித்திரை வெயில் சிறுவரையும் முதியவரையும் வாட்டும். மார்கழி விடுமுறையில் மழை பிடித்துக்கொண்டால் கொடுத்த காசுக்குத் தகரக் கூரையின் கீழ் இருந்துவிட்டு வரவேண்டியதுதான். ஆகஸ்டிலே வெயில் இருப்பினும் சோளகக் காற்று இருக்கும். வாரநாள் ஒன்றைக் குறித்துக்கொண்டோம்.

வாகனச் செலவே பெருஞ்செலவு. யாழ்ப்பாணத்திலிருந்து கிளிநொச்சிப் பக்கம் செல்லும் பஸ்ஸில் ஏறி இயக்கச்சியில் இறங்கலாம். பளை வரை புகையிரதத்திலும் போகலாம். இளங்குடும்பங்களுக்கு இவையே மலிவு. எங்களோடு எழுபதைத் தாண்டிய அம்மாவும் வருவதால், அயல்வீட்டுக் குடும்பத்தையும் சேர்த்து ஒரு வான் பேசினோம். வான் பேசும்போது கிலோமீற்றருக்கு இவ்வளவு என்பதோடு நின்றுவிடக்கூடாது. காத்திருப்புக்கு என்ன, இரவு எட்டு மணியைத் தாண்டினால் என்ன, சாரதியின் சாப்பாடு யாருடையது என்பவற்றையும் பேசித் தீர்த்துவிட வேண்டும். சாரதிக்கும் ஒரு பொதி சேர்த்துக் கட்டிவிடுவது எல்லாவற்றிலும் நல்லது. திரும்பும்போது அவர் முகம் மலர்ந்திருக்கும்.

இவ்விடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். வெளிநாட்டிலிருந்து உறவினர் வந்திருக்கும் காலத்திற் பயணம் போனால், "நீங்கள் விடுங்கோ, நாங்கள் பார்க்கிறம்" என்று அவர்களே பணப்பையைத் திறப்பது வழக்கமாகிவிட்டது. அன்பினாலேதான். ஆயினும் எது யாருடைய செலவு என்பதை வீட்டிலேயே இருந்து பேசிக்கொள்ளாவிட்டால், வாயிலில் நின்று இழுபறிப்படும் தந்தையைப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அது பிள்ளைகளின் மனத்தில் நிற்கும். எங்கள் பயணத்தை மைத்துனர் குடும்பம் கனடாவுக்குத் திரும்பிய பின்னரே வைத்துக்கொண்டோம்.

பணத்தை நான்கு கடித உறைகளிற் பிரித்து வைத்தாள் மனைவி. வாகனம், நுழைவு, பிள்ளைகளின் கைச்செலவு, எதிர்பாராதது. பிள்ளைகளின் கைச்செலவை முதல் நாளே அவர்கள் கையிற் கொடுத்துவிட்டோம். "இவ்வளவுதான். ஐஸ்கிறீமோ, ஊஞ்சலோ, உங்கள் விருப்பம்." மகன் மூன்று நாள் சிந்தித்தான். பூங்காவில் நின்று அழுவதைக் காட்டிலும் வீட்டில் இருந்து சிந்திப்பது நன்றல்லவா?

உணவைப் பற்றி நம் தாய்மாருக்கு நான் சொல்லித் தருவதற்கு ஒன்றுமில்லை. எனினும் பூங்காவுக்கென்று போகும்போது சிலர் வழக்கமான புட்டையும் சம்பலையும் கட்டிவிடுகின்றனர். பச்சைத் தேங்காய்ப்பூச் சேர்ந்த எதுவும் வெயிலிற் சில மணி நேரத்திலேயே பழுதாகிவிடும். புளிச்சோறு தாங்கும், புளியின் புளிப்பு கிருமி பெருகுவதைத் தாமதப்படுத்துவதே காரணம். பாணும் நன்றாக வதக்கிய சீனிச்சம்பலும், அவித்த கடலை, எள்ளுருண்டை, பயற்றம் பணியாரம் ஆகியனவும் தாங்கும். நாங்கள் போன நாள் அம்மாவுக்கு விரதமாதலால் எல்லோருக்கும் சைவமாகவே சமைத்தோம். பாத்திரமும் ஒன்று, வேலையும் ஒன்று. உள்ளே அனுமதி கிடையாத இடமாயின் காலையுணவை வானிலும் மாலைப் பலகாரத்தைத் திரும்பும் வழியிலும் வைத்துக்கொண்டு, நண்பகல் ஒருவேளையை மட்டும் உள்ளே வாங்கலாம். மூன்று வேளையும் வாங்குவதற்கும் ஒருவேளை வாங்குவதற்கும் உள்ள வேறுபாடு, அடுத்த பயணத்தின் நுழைவுச்சீட்டாகிவிடும்.

தண்ணீரின் அருமையைத் தீவாருக்குச் சொல்ல வேண்டியதில்லை. டிஸ்னிலாந்து திறந்த முதல் நாளிற்கூட இதே தொல்லைதான். குழாய் வேலையாட்களின் வேலைநிறுத்தத்தால் குடிநீர்க் குழாய்கள் பல இயங்கவில்லை. கடும் வெயிலில் புதிதாய் இட்ட தார் இளகிப் பெண்களின் செருப்புக் குதிகள் அதிற் புதைந்தன. கோடீசுவரர் கட்டிய பூங்காவிலேயே அந்நிலை. ஆளுக்கு இரண்டு லீற்றர் கணக்கு வையுங்கள். பாதிப் போத்தல்களை முக்கால் அளவு நிரப்பி முதல் நாளிரவு குளிர்சாதனப் பெட்டியில் உறையவைத்து, துவாயிற் சுற்றி உணவுப் பெட்டியோடு வைத்துவிட்டால், காலையில் அது உணவைக் காக்கும். நண்பகலில் குளிர்ந்த தண்ணீராகும். துவாயும் கைவசம் இருக்கும். ஒரு பொட்டலம் ஜீவனியும் கூட வரட்டும்.

இனி, பொதி கட்டுதல். குடும்பத்தின் உடுப்பெல்லாவற்றையும் ஒரே பெரிய பையில் அடைப்பது தவறு. ஆளுக்கொரு சிறு பை. அதனுள் ஒரு மாற்றுடுப்பு, நீருடுப்பு, துவாய், நனைந்ததைப் போட வெறும் பொலித்தீன் பை. யாருடையது எது என்று கிண்டித் தேடும் வேலை இல்லை. பயணத்துக்கு மூன்று நாள் முன்பே கட்டி, அவரவர் பையை அவரவர் தோளிற் போட்டு, வளவை இரண்டு முறை சுற்றி வரச் சொன்னேன். மகன் முதற் சுற்றிலேயே பந்தையும் மட்டையையும் எடுத்து வெளியே வைத்துவிட்டான். சிறுபிள்ளையின் சட்டைப்பையில் தந்தையின் தொலைபேசி எண்ணை எழுதி வைப்பதும், புறப்படும்போது பிள்ளைகளை ஒரு படம் எடுத்துக்கொள்வதும் நல்லது. தப்பிப்போனால் என்ன நிறச் சட்டை என்று தடுமாற வேண்டியிராது. முதியவர்களின் குருதியமுக்க மாத்திரை ஒருநாளைக்கு அல்ல, இரண்டு நாளைக்கு இருக்கட்டும்.

அம்மாவின் பை மட்டும் கொப்பியிலுள்ள பட்டியலுக்கு அடங்கவில்லை.

அது பனையோலையில் இழைத்த பழைய பை. மகள் பட்டியலைக் கையிற் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாய்ச் சரிபார்த்தபோது உள்ளிருந்து வந்தவை இவை: தீப்பெட்டி, மெழுகுதிரி, ரோச் லைற், ஒரு முழக் கயிறு அல்ல, பத்து முழக் கயிறு, ஊசியும் நூலும், பனங்கட்டி, திருநீறு, பழைய சேலைத் துண்டு ஒன்று. எல்லாவற்றுக்கும் அடியில், பொலித்தீன் உறையொன்றில் மடித்து வைத்த காணி உறுதி.

பிள்ளைகள் சிரித்தார்கள். "அப்பம்மா, அங்கை இருட்டுக்குள்ளையே போறம்?" என்றான் மகன். எனக்கும் சிரிப்பு வந்தது. "அம்மா, விளையாடப் போற இடத்துக்கு உறுதி என்னத்துக்கு? வீட்டிலை வைச்சிட்டு வாங்கோ" என்றேன்.

"அண்டைக்கும் பின்னேரம் திரும்பி வந்திடலாம் எண்டுதான் வெளிக்கிட்டனாங்கள், தம்பி" என்றார் அம்மா.

அதன்பின் நான் ஒன்றும் பேசவில்லை. 1990ஆம் ஆண்டு ஆகஸ்டில் இராணுவம் தீவில் இறங்கியபோது எனக்குப் பத்து வயது. அம்மா ஒரு சேலையிற் கட்டிய மூட்டையோடு எங்களை இழுத்துக்கொண்டு யாழ்ப்பாணக் கரைக்கு வந்தார். அடுப்பிலே உலை கொதித்துக்கொண்டிருந்தது. அதற்குப் பிந்திய ஆண்டுகளிற் பண்ணைக் கரையில் நின்றால் எங்கள் தீவு கண்ணுக்குத் தெரியும், போகத்தான் முடியாது. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இலட்சக்கணக்கான சனம் வலிகாமத்தை விட்டுத் தென்மராட்சி நோக்கி நடந்தபோது, அம்மா இன்னொரு மூட்டை கட்டினார். பல ஆண்டுகள் கழித்து மண்டைதீவுக்குத் திரும்பினோம். வீடு இல்லை, வேலி இல்லை, பற்றை மூடிய நிலத்தில் எது எங்கள் காணி என்று காட்டுவதற்கு இந்த உறுதி ஒன்றுதான் இருந்தது. அது இல்லாதவர்கள் எத்தனை கந்தோர்ப் படிகள் ஏறி இறங்கினார்கள் என்பதை ஊர் அறியும். அம்மா தம் வாழ்நாளில் மூட்டை கட்டியதெல்லாம் ஓடுவதற்கே. உல்லாசத்துக்கு மூட்டை கட்டுவது எப்படி என்று அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

மகள் எல்லாவற்றையும் இருந்த ஒழுங்கிலேயே மீண்டும் பைக்குள் வைத்தாள்.

குறித்த நாளிற் காலை ஆறு மணிக்குப் புறப்பட்டோம். கண்டி வீதியால் இயக்கச்சிக்குப் போவதென்றால் நாவற்குழி, சாவகச்சேரி, கொடிகாமம், பளை என்று அன்று நடந்த அதே வழிதான். நாவற்குழிப் பாலத்தடியில் அம்மா யன்னலால் எட்டிப் பார்த்து, "இதிலைதான் உன்ரை செருப்பு அறுந்தது" என்றார். மகன் என் காலைப் பார்த்தான். கதை முழுவதையும் சொல்ல வேண்டிவந்தது. மழையும், சேறும், வழி முழுதும் சனமும். இரண்டு வசனத்தில் முடிக்க எண்ணினேன், மீசாலை வரை போய்விட்டது. 2000ஆம் ஆண்டு ஏப்ரலில் ஆனையிறவுப் படைமுகாம் வீழ்ந்ததற்கு, இயக்கச்சிக் கிணறுகளிலிருந்து அங்கு போன தண்ணீர் தடைப்பட்டதும் ஒரு காரணம் என்பதைச் சாரதி சேர்த்துக்கொண்டார். அத்தகைய ஊரில் இன்று பிள்ளைகள் நீரில் விளையாடக் காசு கொடுத்துப் போகின்றனர்.

பூங்காவிற் பொழுது போனதைப் பிள்ளைகளே விரித்துச் சொல்ல வல்லவர்கள். நான் சொல்லக்கூடியது, எல்லாவற்றையும் பார்க்க முயலாமல் ஆளுக்கு மூன்று விளையாட்டு என்று முன்பே தெரிந்துகொண்டதால் ஓட்டமும் அலைச்சலும் இருக்கவில்லை என்பதே. அம்மாவுக்கு நிழலில் ஒரு பாய். படகிற் போகப் பேரப்பிள்ளைகள் கையைப் பிடித்து இழுத்தபோது, "காசு குடுத்து வள்ளத்திலை ஏறுறதோ?" என்று மறுத்துவிட்டார். தீவாள் ஒருவர் வேறு என்ன சொல்வார்! ஆனால் ஊஞ்சலில் ஆடினார். யாரும் பார்க்கவில்லை என்று எண்ணிக்கொண்டு சற்று நேரம் ஆடினார்.

அவருடைய பையிலிருந்து வெளியே வந்தவையும் உண்டு. அயல்வீட்டுப் பெண்பிள்ளையின் செருப்பு வார் பிரிந்தபோது ஊசி நூல் வந்தது. வானில் மயங்கிய மகனுக்குப் பனங்கட்டி வந்தது. நனைந்த உடுப்புகளைக் காயவிடக் கயிறு வந்தது. சேலைத் துண்டை மறைப்பாகக் கட்டி அதன்பின்னே பெண்பிள்ளைகள் உடுப்பு மாற்றினார்கள். தீப்பெட்டியும் மெழுகுதிரியும் வரவில்லை. உறுதியும் பைக்குள்ளேயே இருந்தது.

எங்கள் திட்டமும் குறையற்றதன்று. தொப்பிகள் நான்கும் வீட்டு விறாந்தையிலேயே இருந்துவிட்டன. நான்காம் உறையைப் பிரித்து இரண்டு தொப்பி வாங்கினோம். இரவு எட்டு மணிக்கு முன் பண்ணைப் பாலத்தைக் கடந்தோம். கணக்குப் பார்த்தபோது அந்த இரண்டு தொப்பிகளைத் தவிர, வீட்டில் உள்ள பொருளெதற்கும் நாங்கள் வெளியிற் காசு கொடுத்திருக்கவில்லை. நான்காம் உறையில் மிஞ்சியது மார்கழி விடுமுறைக்கு என்று உண்டியலுக்குள் போயிற்று.

அந்தப் பட்டியலை மகள் திருத்தி எழுதி அலுமாரிக் கதவின் உட்புறத்தில் ஒட்டியிருக்கின்றாள். 'தொப்பி' என்ற சொல்லின் கீழே இரண்டு கோடு. அதற்கடுத்த வரியில் இப்படி எழுதியிருக்கின்றாள்: 'அப்பம்மாவின் பை. உள்ளே என்ன என்று கேட்க வேண்டாம். தம்பி தூக்குவான்.'